கண்ணாடி நெகட்டிவ்களைத் துடைக்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பழைய புகைப்படங்கள் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். தாத்தாவின் பெட்டியில் கொஞ்சம் கண்ணாடி நெகட்டிவ்கள் கிடைத்தன. எல்லாம் அழுக்கேறிக் கிடக்கின்றன. ஓரங்களில் பாதரசம் பூசியதுபோல நீல மினுமினுப்பு, சிலவற்றில் பூஞ்சை, சில முகங்கள்மேல் பென்சில் கிறுக்கல். ஒன்று இரண்டாக உடைந்திருக்கிறது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் புதிதாகிவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பஞ்சைத் தூர வையுங்கள். ஸ்பிரிட்டை அதைவிடத் தூரத்தில்.

நீங்கள் அழுக்கு என்று சொல்லும் மூன்றில் பூஞ்சை ஒன்றுதான் வெளியிலிருந்து வந்தது. ஓரத்து மினுமினுப்பு, படத்தை உருவாக்கியிருக்கும் வெள்ளியேதான். ஈரமும், மட்டமான அட்டைப்பெட்டி கக்கும் வாயுக்களும் பட்டு, ஜெலட்டினுக்குள் (கண்ணாடிமேல் படத்தைத் தாங்கும் பசைப்பூச்சு அது) இருந்த வெள்ளி அயனியாகி மேலே நகர்ந்து, பரப்பில் மறுபடி உலோகமாகப் படிந்திருக்கிறது. பென்சில் கிறுக்கல் அநேகமாக ஸ்டூடியோக்காரரின் டச்சிங். தழும்பையும் கண்ணுக்குக் கீழுள்ள சுருக்கத்தையும் நெகட்டிவிலேயே பென்சிலால் நிரப்பிவிடுவார்கள்; பிரிண்டில் அந்த இடம் வெளுத்து வரும். யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து செய்த கைவேலை அது. எனக்கு முகத்தைவிட அதைப் பார்ப்பதில்தான் ஆர்வம்.

பூஞ்சையையும் துடைக்க முடியாது. அது ஜெலட்டினைத் தின்று, தண்ணீரில் கரையும்படி ஆக்கி வைத்திருக்கும். ஈரம் பட்டால் பூஞ்சையோடு முகமும் பஞ்சில் வந்துவிடும். உலர்ந்த இடத்தில் வைத்து அதன் வளர்ச்சியை நிறுத்தலாம், அவ்வளவுதான்.

ஸ்பிரிட்டின் கதை இன்னும் மோசம். 1851-ல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில் (கொலோடியன் என்ற பசைத் திரவத்தைக் கண்ணாடியில் ஊற்றி, ஈரம் காயும்முன் படமெடுப்பது) செய்த கண்ணாடித் தகடாக இருந்தால், மேலே பூசிய வார்னிஷை ஸ்பிரிட்டிலுள்ள ஆல்கஹால் கரைத்துவிடும்; அடியிலுள்ள படத்தையும் விட்டுவைக்காது. கையால் ஊற்றிய பூச்சு என்பதால் அதன் விளிம்பு கோணல்மாணலாக இருக்கும். பிடித்திருந்த மூலையில் பூச்சே இருக்காது, சில சமயம் விரல்ரேகை பதிந்திருக்கும். 1871-ல் ரிச்சர்ட் மேடாக்ஸ் தொடங்கிவைத்த ஜெலட்டின் உலர்தகடுகள் பின்னர் ஆலைகளில் தயாரானவை, பூச்சு சீராக இருக்கும். அந்த மினுமினுப்பை வைத்துப் பார்த்தால் உங்களுடையவை இந்த இரண்டாவது வகை என்றே நினைக்கிறேன்.

புதிதாக்கும் ஆசை நிபுணர்களையும் விட்டதில்லை. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுத்த டாகேரோடைப் படங்கள் கறுத்துப்போனபோது, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அவற்றைத் தயோயூரியா கரைசலில் கழுவினார்கள். உடனே பளிச்சென்று ஆயின. ஆண்டுகள் போனபின் புள்ளிகளும் மூட்டமும் கிளம்பின. கரைசல் வெள்ளிப்பரப்பையே அரித்திருந்தது நுண்ணோக்கியில் தெரிந்தது. இப்போது அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

ஹார்வர்ட் வானாய்வகத்தில் வானத்தைப் படமெடுத்த கண்ணாடித் தகடுகள் ஐந்து லட்சத்துக்கும் அதிகமாக உள்ளன. அவற்றைப் பார்த்து நட்சத்திரங்களைக் கணக்கிட்ட பெண்கள் கண்ணாடிப் பக்கத்தில் மையால் குறித்த குறிகள், ஸ்கேன் செய்வதற்காகப் பெரும்பாலும் துடைக்கப்பட்டன. நட்சத்திரத்தின் ஒளியளவைத் துல்லியமாக எடுக்க வேண்டும் என்பது அறிவியலின் நியாயம். எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் துடைக்கும் முன் குறிகளோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். நாமும் அதையாவது செய்யலாம்.

ஆகவே முதலில் நகல். பளபளப்பில்லாத பக்கம்தான் பூச்சு. அது மேலே இருக்கும்படி, அடியிலிருந்து ஒளி வரும் லைட் டேபிளில் வைத்து, மேலிருந்து கேமராவில் எடுங்கள். ஓரத்தை மட்டும் பிடியுங்கள். கறை நீக்குவது, முகம் தெளியவைப்பது எல்லாவற்றையும் அந்த நகலில் ஆசைதீரச் செய்துகொள்ளலாம். அசல் தகட்டை அமிலமற்ற தாளில் நாலுபக்க மடிப்பு உறையிட்டு, நீளப்பக்கம் அடியில் இருக்க நிமிர்த்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடித்தகடு உடையும். பிளாஸ்டிக் உறை வேண்டாம். ஈரப்பதம் 30–40 சதவீதத்தில் ஏறி இறங்காமல் நின்றால் நல்லது. அதிகமானால் பூஞ்சை வரும், மிகவும் குறைந்தால் ஜெலட்டின் கண்ணாடியை விட்டு உரியும்.

உடைந்ததை மட்டும் நிமிர்த்தாதீர்கள். துண்டுகள் ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனி உறையில், படுக்கையாக வையுங்கள். நகல் எடுக்கும்போது லைட் டேபிளில் பக்கத்தில் பக்கத்தில் பொருத்திக்கொள்ளலாம். டேப்பும் சூப்பர் குளூவும் வேண்டாம். ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றால் புகைப்படக் கன்சர்வேட்டர் (பழைய படங்களைப் பாதுகாக்கும் நிபுணர்) ஒருவரிடம் கொடுங்கள்; பின்னால் கரைத்து எடுக்கக்கூடிய பாராலாய்டு பி-72 போன்ற பசையைத்தான் அவர்கள் தொடுவார்கள்.