குளிரில் முரண்டு பிடிக்கும் டீசல் கார்

கேள்வி: ஊட்டியில் இருக்கிறேன். டிசம்பர் வந்தாலே என் டீசல் கார் காலையில் நான்கைந்து முறை சாவி திருப்பினால்தான் கிளம்புகிறது. வெள்ளைப் புகை வேறு. மதியம் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது. பேட்டரியை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். சாவி திருப்பும்போது ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றுகிறதா? அப்படியானால் பேட்டரி மேல் முதல் சந்தேகம் வேண்டாம். வெள்ளைப் புகை என்பது எரியாமல் வெளியேறும் டீசல். சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக்குகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது பிளக்கின் ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பிளக் முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே அளந்து பாருங்கள். நல்ல பிளக் 1 ஓம் அளவில் காட்டும். மீட்டர் அசையவே இல்லையென்றால் அது போய்விட்டது. சிலிண்டருக்கு ஒன்றாக உள்ள நான்கு பிளக்கும் சரியாக இருந்தால், அவற்றுக்கு மின்சாரம் அனுப்பும் ரிலேயையும் ஃபியூஸையும் பாருங்கள்.

பழைய பிளக் கார்பன் பிடித்து இறுகியிருக்கும். பலம் காட்டினால் இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே முறியும், பிறகு செலவு பல மடங்கு. முதல் நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு, இன்ஜின் சூடாக இருக்கும்போது மெதுவாகக் கழற்றச் சொல்லுங்கள். நான்கையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றினால் கதை வேறு. இரவு முழுக்க நின்ற காரின் பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் சார்ஜ். ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால், டெர்மினலையும் எர்த் ஒயரையும் சுத்தம் செய்து, முழுதாகச் சார்ஜ் ஏற்றி மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்கினால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி.