பிசி கேம்களின் சேவ் ஃபைல்கள் ஏன் ஆளுக்கொரு இடத்தில் கிடக்கின்றன?

சேவ் ஃபைல் என்பது, விளையாட்டில் நீங்கள் எதுவரை வந்திருக்கிறீர்கள் என்று குறித்து வைக்கும் கோப்பு. விண்டோஸில் பழைய கேம்கள் இதைத் தாங்கள் நிறுவப்பட்ட ஃபோல்டரிலேயே எழுதிக்கொண்டன. 2007-ல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, மென்பொருள்கள் வழக்கமாக நிறுவப்படும் 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் அனுமதியில்லாமல் எழுதுவதைத் தடுத்தது. பாதுகாப்புக்கு அது சரியான முடிவுதான். கூடவே 'சேவ்டு கேம்ஸ்' என்று தனி ஃபோல்டரும் தந்தது, ஆனால் அதில்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. வீட்டில் செருப்பு ஸ்டாண்டு இருந்தும் வாசல், மாடிப்படி, கட்டிலடி என்று ஆளாளுக்குக் கழற்றிப் போடுகிற கதைதான்.

சில கேம்கள் டாக்குமென்ட்ஸில் 'மை கேம்ஸ்' என்று குடியேறும். மற்றவை ஆப்டேட்டாவுக்குள் போய்விடும். அது மறைக்கப்பட்ட ஃபோல்டர் என்பதால் கண்ணிலேயே படாது. அதற்குள்ளும் யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்தவை பெரும்பாலும் 'லோக்கல்லோ'வில், அன்ரியல் என்ற இன்னொன்றில் செய்தவை 'லோக்கல்'லில். கிராஃபிக்ஸ் செட்டிங்ஸையும் பல கேம்கள் சேவோடு சேர்த்தே வைப்பதால், புதுக் கணினிக்கு அப்படியே நகலெடுத்தால் படம் தாறுமாறாக வரலாம். இதைப் பிரித்து வைக்காதது உண்மையிலேயே அக்கறையின்மை.

அப்புறம், கேமை அன்இன்ஸ்டால் செய்தால் சேவும் அழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தனி ஃபோல்டரில் இருந்தால் பெரும்பாலும் அது அங்கேயே இருக்கும்.