பூரிக் கையோடு பானக் சுடாதீர்கள்

‘பானக்’ என்றதும் ராமநவமிப் பானகம் என்று நினைத்து, எவ்வளவு வெல்லம் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறார் ஒருவர். அது வேறு. இது கனடாவில் பூர்வகுடி மக்களின் வீடுகளில் எண்ணெயில் பொரித்தெடுக்கும் ரொட்டி. ஈஸ்ட் கிடையாது, மாவு புளிக்கக் காத்திருக்கவும் வேண்டாம். இதைச் செய்து பார்த்த வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதி ஒரே புலம்பல்தான்: கல் மாதிரி வந்துவிட்டது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பரோட்டாவுக்குப் பிசைவது போல அரை மணி நேரம் அடித்துப் பிசைந்தேன். அப்படியும் ரப்பர் மாதிரி இழுக்கிறதே, ஏன்? (மதுரை வாசகர்)

அந்த அரை மணி நேரம்தான் வினை. பரோட்டா மாவு விசிறும்போது கிழியாமல் நீள வேண்டும், அதனால் பிசையப் பிசைய நல்லது. பானக்குக்கு அந்த இழுவை வேண்டவே வேண்டாம். மைதாவில் தண்ணீர் சேர்ந்து கை பட்டாலே குளூட்டன் என்ற புரதம் வலை பின்ன ஆரம்பித்துவிடும். பின்னல் இறுகினால் பேக்கிங் பவுடர் கிளப்பும் காற்றால் மாவை உப்ப வைக்க முடியாது.

மைதா 3 கப், பேக்கிங் பவுடர் ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, விருப்பப்பட்டால் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை. இவற்றைக் கலந்து, 2 மேசைக்கரண்டி கொழுப்பை (பன்றிக் கொழுப்போ வெண்ணெயோ) விட்டு, முறுக்கு மாவுக்கு வெண்ணெய் பிசிறுவது போல விரல் நுனியால் பிசிறுங்கள். நடுவில் குழி பண்ணித் தண்ணீரை (அளவு அடுத்த பதிலில்) ஊற்றி, முள்கரண்டியால் கிளறிச் சேருங்கள். பிறகு எட்டுப் பத்துத் தடவை மடித்துவிட்டால் போதும். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, போண்டா மாவைவிடக் கெட்டியாக, கையில் கொஞ்சம் ஒட்டும் பதத்தில் இருக்கும். அழகாக உருண்டு வரவில்லையே என்று கை துறுதுறுக்கும். விட்டுவிடுங்கள். மூடிவைத்துப் பதினைந்து நிமிடம் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

டொராண்டோவில் இருக்கும் என் தங்கையின் அளவைத்தான் பின்பற்றினேன். எனக்கு மட்டும் மாவு கூழாகிவிட்டது. (சென்னை வாசகி)

தங்கை மேல் தப்பில்லை, உங்கள் மேலும் இல்லை. கனடாவில் ‘ஆல் பர்ப்பஸ்’ என்று விற்கும் மாவு பெரும்பாலும் கடினக் கோதுமையில் அரைத்தது. புரதம் அதிகம், அதனால் தண்ணீரும் அதிகம் குடிக்கும். அவருக்கு 3 கப் மாவுக்கு ஒன்றேகால் கப் தண்ணீர் சரியாக இருக்கும். நம் மைதாவுக்கு முக்கால் கப்பில் தொடங்கி, பார்த்துப் பார்த்துச் சேருங்கள். ஒரு கப்புக்கு மேல் அநேகமாகத் தேவைப்படாது.

மேலே நன்றாகச் சிவந்துவிட்டது, பிய்த்தால் உள்ளே பச்சை மாவு.

பூரிக்குக் காயவைப்பது போல எண்ணெயைக் காயவைத்திருப்பீர்கள். பூரி மெல்லிசு, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் போட்டதும் நொடியில் உப்பி எழும். இது அரை அங்குலத் தடிமன். உள்ளே வேக நேரம் வேண்டும். எண்ணெய் 180 டிகிரி செல்சியஸில் இருந்தால் நல்லது. வெப்பமானி இல்லையென்றால் ஒரு கிள்ளு மாவைப் போட்டுப் பாருங்கள்: அடிக்குப் போய் இரண்டு மூன்று நொடியில் மேலே வந்து அமைதியாகக் குமிழ் விட வேண்டும். போட்டதுமே சீறிக் கறுத்தால் தீயைக் குறையுங்கள்.

சப்பாத்திக் குழவியால் தேய்க்க வேண்டாம், உள்ளே இருக்கும் காற்றெல்லாம் போய்விடும். எண்ணெய் தொட்ட கையால் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, நடுவில் கத்தியால் ஒரு கீறல் போடுங்கள். சில வீடுகளில் வடை மாதிரி விரலால் ஓட்டையே போட்டுவிடுவார்கள். கடைசியில் வேகும் அந்த நடுப்பகுதிக்கும் எண்ணெய் போய்ச் சேரத்தான் இது. பக்கத்துக்கு இரண்டு, மூன்று நிமிடம்.

எண்ணெய் ரொம்பக் குடிக்கிறது.

தீ குறைவு, அல்லது ஒரே நேரத்தில் நாலைந்தைப் போட்டு எண்ணெயை ஆறவைக்கிறீர்கள். இரண்டிரண்டாகப் போடுங்கள்.

பேக்கிங் பவுடருக்குப் பதில் ஆப்பசோடா போடலாமா?

சோடா மட்டும் போட்டால் சோப்பு வாடை வரும். புளிப்பு இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். தண்ணீருக்குப் பதில் புளித்த மோர் விட்டு, முக்கால் தேக்கரண்டி சோடா போடுங்கள், நன்றாகவே வரும். வீட்டில் கிடக்கும் பேக்கிங் பவுடர் பழசோ என்று சந்தேகமா? அதில் ஒரு கரண்டி எடுத்து வெந்நீரில் போடுங்கள். பொங்காவிட்டால் குப்பைக்கு.

இது ஸ்காட்லாந்து ரொட்டி என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். பூர்வகுடி உணவு என்று நீங்கள் சொல்வது சரியா? (ஸ்கார்பரோ வாசகர்)

பெயர் ஸ்காட்லாந்துடையதுதான். அங்கே பானக் என்பது ஓட்ஸ், பார்லி மாவைத் தட்டிக் கல்லில் சுடும் ரொட்டி. 1670-இல் தொடங்கிய ஹட்சன்ஸ் பே கம்பெனி, உரோமத் தோல் வணிகத்துக்கு ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளிலிருந்து நிறையப் பேரை வேலைக்கு அமர்த்தியது. அவர்களோடு இந்தப் பழக்கமும் கனடாவுக்கு வந்தது. ஆனால் அதற்கு முன்பே கனடாவில் ரொட்டிக்கு ஈடான உணவுகள் இருந்தன. மேற்குப் பகுதியில் கேமஸ் என்ற கிழங்கைக் குழிக்குள் வேகவைத்து, அடித்துத் தட்டிக் காயவைப்பார்கள்.

இன்றைய பொரித்த பானக்கின் கதை இன்னும் கசப்பானது. பூர்வகுடிகளோடு அரசு 1870-களில் போடத் தொடங்கிய ஒப்பந்தங்களும், அவர்களைக் கட்டுப்படுத்திய 1876 ‘இந்தியன் சட்ட’மும் மக்களை ‘ரிசர்வ்’ என்று ஒதுக்கிய நிலங்களுக்குள் ஒடுக்கின. அதே காலத்தில் சமவெளியில் காட்டெருமையும் அற்றுப்போனது. வேட்டை போனபின் கைக்கு வந்தது அரசாங்க ரேஷன்: மாவு, கொழுப்பு. அதை வைத்துப் பிள்ளைகளுக்கு வயிறு நிரப்பிய பெண்களின் கைவேலை இது. அமெரிக்காவில் நவஹோ பூர்வகுடி மக்களின் ஃப்ரை பிரெட் என்ற பொரித்த ரொட்டியும் இதே போலத்தான், 1864-இல் சொந்த நிலத்திலிருந்து நடக்கவைத்தே விரட்டப்பட்டபின் ரேஷன் மாவில் பிறந்தது என்பார்கள். அதனால் பூர்வகுடிகளிலேயே இதைப் பாட்டி கைமணம் என்று கொண்டாடுபவர்களும் உண்டு, நீரிழிவைக் கொண்டுவந்த காலனி உணவு என்று ஒதுக்குபவர்களும் உண்டு. பூர்வகுடி, ஐரோப்பியக் கலப்பில் வந்த மேட்டி மக்கள் இதை ‘கலெட்’ என்கிறார்கள், கிரீ என்ற பூர்வகுடி மொழியிலும் தனிப் பெயர் இருக்கிறது. நண்பரிடம் சொல்லுங்கள், பெயர் வந்த வழி வேறு, ரொட்டி வந்த வழி வேறு.

பன்றிக் கொழுப்பு சேர்க்காவிட்டால் அது பானக்கே இல்லையா?

ருசியும் மொறுமொறுப்பும் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். சமையல் எண்ணெயில் செய்யும் வீடுகள் அங்கேயே ஏராளம். நான் மாவில் வெண்ணெய் பிசிறி, கடலை எண்ணெயில் பொரிக்கிறேன். கனடாவில் வெளியே வாங்கிச் சாப்பிடும் சைவர்களும் முஸ்லிம்களும் மட்டும் எந்தக் கொழுப்பு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஏர் ஃப்ரையரில் செய்யலாமா?

செய்யலாம், சுட்ட ரொட்டி கிடைக்கும். சுட்ட பானக்கும் பழைய வழக்கம்தான். மாவைக் குச்சியில் சுற்றி நெருப்பில் வாட்டுவதும் உண்டு. பொரித்த ருசியை மட்டும் அதில் தேடாதீர்கள்.

எதைத் தொட்டுக்கொள்வது? மிஞ்சினால்?

அங்கே வெண்ணெய், சஸ்கட்டூன் பெர்ரி ஜாம், இல்லாவிட்டால் மூஸ் என்ற பெரிய மானின் இறைச்சிக் குழம்பு. கூடவே சூடான டீ. தேங்காய்ச் சட்னியோடு சாப்பிட்டேன் என்று ஒருவர் கூச்சத்தோடு எழுதியிருக்கிறார். சாப்பிடுங்கள் ஐயா, தட்டை யாரும் பிடுங்கப் போவதில்லை. ஆனால் சுட்ட அன்றே தீர்த்துவிடுங்கள். மறுநாள் விறைத்துவிடும். அப்படியும் மிஞ்சினால், தோசைக்கல்லில் சிறு தீயில் மூடிபோட்டுச் சூடாக்குங்கள். மைக்ரோவேவில் வைத்தால் ஆறியதும் மறுபடி ரப்பர்தான்.