பொந்தை விட்டு வராத மீன்

கேள்வி: போன லீவில் வந்த பேரன், வளவு ஓரத்தில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வைத்து, உப்புநீர், கல், கொஞ்சம் மென்பவளம் எல்லாம் ஏற்பாடு பண்ணிவிட்டு சிங்கப்பூர் திரும்பிவிட்டான். ஃபயர்ஃபிஷ் இரண்டு, க்ளவுன் ஒரு ஜோடி, நீல டாம்சல் ஒன்று விட்டிருந்தான். போன மாதம் ஃபயர்ஃபிஷ்ஷில் ஒன்றைக் காணோம். பூனை வேலையோ என்னவோ. மற்றது கல் பொந்தை விட்டு வெளியே வருவதே இல்லை. நோயா? துணைக்கு இன்னொன்று வாங்கி விடலாமா? தண்ணீர் குறைந்தால் தொண்டியிலிருந்து கடல்நீர் எடுத்துவரச் சொல்லலாமா? வெயில் காலத்தை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.
- ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, பூனை மேல் பழி போடுவதற்கு முன்னால் தொட்டி மேசைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். என் வீட்டில் முதல் ஃபயர்ஃபிஷ் காணாமல் போய் நாலு நாள் கழித்து, விளக்குமாற்றோடு வந்தது. காய்ந்த மிளகாய் என்றுதான் நினைத்தேன். குப்பையில் போடக் குனிந்தபோது முதுகிலிருந்த அந்த நீள முள் கண்ணில் பட்டது.

பெரிதானாலும் விரல் நீளத்தைத் தாண்டாத மீன் இது. கடலில் பவளத்திட்டின் அடியில் பொந்து பிடித்து, அதற்குச் சற்று மேலே நீரோட்டத்தைப் பார்த்தபடி நிற்கும். மிதந்து வரும் நுண்ணுயிர்களைக் கொத்தித் தின்னும். நிழல் தட்டினால் பொந்துக்குள் பாயும். பொந்து கைக்கெட்டாமல் போனாலோ, அதில் வேறு யாராவது குடியேறியிருந்தாலோ, மேல்நோக்கிப் பாயும். கடலில் தலைக்கு மேலே பல ஆள் உயரத் தண்ணீர் இருக்கிறது. உங்கள் தொட்டியில் ஒன்றரை அடி, அப்புறம் ஆத்தங்குடித் தரைதான்.

அதனால் முதல் வேலை வலை மூடி. கண்ணாடி வேண்டாம், சூட்டை அடைத்து வைக்கும். ஜன்னலுக்குக் கொசுவலைச் சட்டம் அடிப்பவரிடம் அளவு கொடுத்தால் செய்து தருவார். வெளிச்சம் இறங்கும்படியான வெள்ளை நைலான் வலை, கண் கால் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. இரும்புக் கம்பி வலை கூடவே கூடாது, உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தண்ணீரில் விழும். குழாய் நுழையும் இடத்தில் இடைவெளி விட்டால் அந்த மீன் சரியாக அதன் வழியாகத்தான் போகும். ஏன் என்று கேட்காதீர்கள், போகும்.

பொந்தில் இருப்பது மட்டும் நோய் இல்லை. சாயங்காலம் தொட்டியிலிருந்து நாலடி தள்ளி நாற்காலி போட்டு, கால் மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். பம்ப் தண்ணீர் தள்ளும் இடத்தில், கரைத்த ஆர்ட்டீமியாவில் (மீன் தீனியாக விற்கும் பொடி இறால்) ஒரு சிட்டிகை விடுங்கள். பாதி உடம்பை நீட்டிக் கவ்விக்கொண்டு திரும்பினால் அது நலமாக இருக்கிறது. மூன்று நாள் எதையும் தொடவில்லை, செவுள் வேகமாக அடிக்கிறது, உடம்பில் உப்பு தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளி என்றால்தான் கடைக்காரரைக் கூப்பிட வேண்டும். தீனி ஒரு நாளைக்கு இரண்டு வேளை, கொஞ்சம் கொஞ்சம். நம் ஊர்ப் பந்தி உபசாரத்தை இங்கே காட்டாதீர்கள் ஆச்சி, மிஞ்சியதெல்லாம் அழுகித் தண்ணீரைத்தான் கெடுக்கும்.

துணை வேண்டாம். ஆண் எது, பெண் எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே ஜோடி சேர்ந்தவையாக இல்லாவிட்டால் வலுத்தது இளைத்ததை விரட்டும், இளைத்தது குதிக்கும். இதற்குத் தனிமை ஒன்றும் பாரமில்லை. ஒளிய இடம்தான் அதிகம் வேண்டும். ஓர் அங்குல பிவிசி குழாய்த் துண்டு இரண்டைக் கல்லுக்கு அடியில் செருகினால் போதும். ராமேஸ்வரம் போகிறவர்களிடம் பவளக்கல் எடுத்துவரச் சொல்லாதீர்கள். பவளப்பாறை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, கரையில் ஒதுங்கிய செத்த கல்லாக இருந்தாலும் வம்புதான்.

தண்ணீர் விஷயத்தில்தான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கிறது. குறைந்த அளவுக்குக் கடல்நீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டி, தினமும் காலையில் அதுவரைக்கும் ஆர்ஓ தண்ணீர் விடுங்கள். போர் தண்ணீர் ஆகாது. வீட்டு ஆர்ஓவில் தாது சேர்க்கும் ஏற்பாடு இருந்தால் அதுவும் ஆகாது. உப்புநீரின் அடர்த்தி 1.025-ல் நிற்கிறதா என்று வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றும்போது மட்டும் உப்புநீர் வேண்டும். அதற்கும் தொண்டி வேண்டாம். அந்தப் பக்கக் கடல் ஆழமில்லாதது, கரையோரம் சேறு கலங்கியிருக்கும், மழைக்காலத்தில் உப்பும் குறைந்துவிடும். கடையில் விற்கும் மரைன் சால்ட்டை ஆர்ஓ தண்ணீரில் கலந்துகொள்ளுங்கள்.

வெயிலுக்கு, வளவுப் பக்கம் ஒரு மூங்கில் தட்டி கட்டுங்கள். ஆட்கள் போகிற வருகிற நிழலும் மீன் மேல் விழாது. 24 முதல் 27 டிகிரி நல்லது. தண்ணீர் மேல் படுகிற மாதிரி சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு டிகிரி இறங்கும், ஆர்ஓ தண்ணீர்ச் செலவும் ஏறும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாளுக்கென்று பேட்டரியில் ஓடும் ஏர்பம்ப் ஒன்று கட்டாயம். தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் குறையும். அன்றைக்குத் தீனியும் வேண்டாம்.

கடைசியாக அந்த நீலம். எனக்குச் சந்தேகமே அதன் மேல்தான். டாம்சல் பார்க்க அழகு, குணம் பொல்லாதது. முழுத் தொட்டியும் தன் வீடு என்று நினைத்து மற்ற மீன்களை விரட்டும். அதைப் பிடிக்கக் கல்லையெல்லாம் கலைத்துவிடாதீர்கள். தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்துத் தலைகீழாக உள்ளே செருகி, கொஞ்சம் தீனி போட்டுத் தொட்டியில் படுக்க வையுங்கள். முதலில் நுழைவது அதுவாகத்தான் இருக்கும். அப்படியே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.