அமெரிக்கப் பாடகி ஷெர் பாடிய ‘பிலீவ்’ பாடலில் (1998) குரல் ஏன் இயந்திரம் போல ஒலிக்கிறது?

ஆட்டோ-டியூன் என்னும் மென்பொருள்தான் காரணம். பாடுபவரின் சுருதி சற்று விலகினால், அருகிலுள்ள சரியான ஸ்வரத்துக்கு அதை இழுத்துவிடும். 1997இல் இதை உருவாக்கிய ஆண்டி ஹில்டெப்ராண்ட், அதற்கு முன் நில அதிர்வலைகளை ஆராய்ந்து எண்ணெய் தேடும் துறையில் இருந்தவர் என்பது வேடிக்கை.

மனிதக் குரல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும். திருத்தும் வேகத்தை மெதுவாக வைத்தால் திருத்தியதே தெரியாது. ‘பிலீவ்’ தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே அதை உச்சத்தில் வைத்தார்கள். சறுக்குமரம் படிக்கட்டாகிவிட்டது போல, குரல் ஸ்வரத்துக்கு ஸ்வரம் தாவியது. இதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டவர்களிடம் வேறொரு கருவியின் பெயரைச் சொல்லிச் சமாளித்தார்கள், அது தனிக்கதை.

ஷெருக்குப் பாட வராததால்தான் இந்த ஏற்பாடு என்று சிலர் நினைப்பது தவறு. 1960களிலேயே புகழ்பெற்ற பாடகி அவர்.