ஏரியில் பழகிய துடுப்பு கடலுக்குப் போதுமா?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறேன். ஏரியில் துடுப்புப் போட்டுப் பழக்கம். சொந்தமாக 14 அடி ஃபைபர் படகு உண்டு. பிப்ரவரி கடைசியில் கோவளத்திலிருந்து புதுச்சேரிவரை கரையோரமாகத் தனியாகப் போக ஆசை. எத்தனை நாள் ஆகும்? என்னென்ன வேண்டும்?

பதில்: முதலில் திசையை மாற்றுங்கள். வாடைக்காற்று ஓய்ந்து, பிப்ரவரி கடைசியில் சோழமண்டலக் கரையோரம் நீரோட்டம் பெரும்பாலும் வடக்கு நோக்கித் திரும்பிவிடும். கோவளத்திலிருந்து தெற்கே வந்தால் அதை எதிர்த்தே துடுப்புப் போட வேண்டும். நடுவில் கல்பாக்கம் அணுமின் நிலையம் வேறு. அந்தக் கடல் பகுதிக்குள் போக உங்களை விடமாட்டார்கள். ஆகவே புதுச்சேரியில் கிளம்பி வடக்கே ஆலம்பரைக் கோட்டையில் முடியுங்கள். சுமார் 45 கிலோமீட்டர். உங்கள் படகில் மணிக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்தால் நாளுக்கு நாலரை மணி நேரம், இரண்டு நாள். காற்று கெட்டால் உட்கார்ந்திருக்க இன்னும் இரண்டு நாள் கையில் வேண்டும்.

விடியலுக்கு முன் கிளம்பி 11 மணிக்குள் கரையேறிவிடுங்கள். அதன்பின் கடற்காற்று எழும்பி அலை கூடும். காலையில் வீசும் கரைக்காற்றில் கடல் அமைதியாகத்தான் தெரியும், ஆனால் அது படகை ஆழத்துக்குத் தள்ளும். அலை உடையும் இடத்துக்கு வெளியே, கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே போங்கள்.

தூரத்தைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். படகு கவிழ்வதெல்லாம் பெரும்பாலும் கடைசி நூறு மீட்டரில்தான். இந்தக் கரை செங்குத்தாகச் சரிகிறது. அலை கரைக்கு மிக அருகில் வந்து உடைகிறது. முகப்பைக் கரைக்கு வைத்து வந்தால் பின்னாலிருந்து வரும் அலை பின்புறத்தைத் தூக்கி, முகப்பு குத்தி, படகு குறுக்கே திரும்பிப் புரண்டுவிடும். உடையும் இடத்துக்கு வெளியிலேயே நின்று 15 நிமிடம் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு சற்று ஓயும். படகைத் திருப்பி முகப்பைக் கடலுக்கு வைத்துப் பின்வாக்கில் தள்ளி வாருங்கள். பெரிய அலை வந்தால் இரண்டு இழுப்பு முன்னே போட்டு அதை முகப்பில் வாங்கிவிட்டு மறுபடி பின்வாங்குங்கள். கடல் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கொட்டிய தூண்டில் வளைவுக் கற்களுக்குப் பக்கத்தில் இறங்கவே கூடாது. மீனவர்கள் படகு ஏற்றும் இடமே நல்ல இடம். அவர்களைக் கேட்டு இறங்குங்கள். ஆலம்பரை முகத்துவாரத்தில் நீர் வற்றும் நேரத்தில் நுழையாதீர்கள். வெளியேறும் நீரும் உள்ளே வரும் அலையும் மணல் திட்டின்மேல் மோதி, அலை செங்குத்தாக எழும்.

நீர் நிறைந்த படகின் விளிம்பு நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் எவ்வளவு இறைத்தாலும் பயனில்லை. 20 லிட்டர் காலி கேன் ஒன்று நீருக்குள் ஏறக்குறைய 20 கிலோ தூக்கும். மூடி இறுக்கிய நான்கு கேன்களை இருக்கைகளுக்கு அடியில் கட்டுங்கள்; முடிச்சு அவிழாமல் இருப்பதுதான் முக்கியம். உயிர்காப்பு உடையோடு ஏரியில் படகை வேண்டுமென்றே கவிழ்த்து, நிமிர்த்தி, ஏறி, இறைத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் முடியவில்லையென்றால் இந்த ஆண்டு கடலை விட்டுவிடுங்கள்.

துடுப்பு மாட்டும் வளையங்களுக்கு இடையே 120 செ.மீ. இருந்தால் துடுப்பு சுமார் 230 செ.மீ. நீளம் வேண்டும், அதில் 65 செ.மீ. உள்பக்கம். ஏரிப் படகுகளில் பெரும்பாலும் குட்டைத் துடுப்புதான் இருக்கும், அலையில் அது பிடிக்காது. மாற்றுத் துடுப்பு ஒன்றும் மாற்று வளையம் ஒன்றும் கட்டாயம்.

குடிநீர் நாளுக்கு 10 லிட்டர், கூடவே உப்புப் போட்ட கஞ்சி. வேலூர் வெயிலைத் தாங்கியவருக்குக் கடல் வெயில் பெரிதாகத் தெரியாது. வியர்வையைக் காற்று உடனே உலர்த்திவிடுவதால் உடம்பு வறள்வதும் தெரியாது. தாகம் எடுக்காவிட்டாலும் அரைமணிக்கொருமுறை குடியுங்கள். ஆரஞ்சு கொடியை உயரமாக நட்டுவையுங்கள், விசைப்படகுக்காரர்கள் உங்களைப் பார்க்க வேண்டும். வலை மிதவைகளின் வரிசைக்கு மேலே குறுக்கே போகாமல் சுற்றிப் போங்கள்.

கிளம்பும் முன் கடலோரக் காவல் நிலையத்தில் வழியையும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். அவசர எண்கள்: கடலோரக் காவல் (மாநிலப் போலீஸ்) 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554. நீர்புகாத உறையில் செல்போன் உடம்போடு இருக்கட்டும், பையில் வேண்டாம். முந்தைய இரவு இன்காய்ஸ் (INCOIS, மத்திய அரசின் கடல் தகவல் மையம்) அலை முன்னறிவிப்பைப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு மேல் போட்டிருந்தால் தூங்குங்கள்.

படகை ஏற்றிவர டாடா ஏஸ் பிடிக்காதீர்கள். அதன் பின்தளம் ஏறக்குறைய 7 அடிதான், பாதிப் படகு வெளியே தொங்கும். நீளத் தளமுள்ள பிக்கப் பேசுங்கள்.