வெளிநாட்டில் பிரெஞ்சுப் பள்ளிகள் புதிதாகக் கட்டும்போது உள்ளூர் வெயிலுக்கு ஏற்றபடி கட்டுகிறார்களா, இல்லை பிரான்ஸில் இருப்பதை அப்படியே கொண்டுவந்து வைக்கிறார்களா?

பாடத்தைத்தான் அப்படியே கொண்டுவருவார்கள். பிரெஞ்சுக் கல்வி அமைச்சகத்தின் அங்கீகாரம் வேண்டும் என்பதால், அப்பாவுக்கு வேலை மாற்றலானால் பிள்ளை அடுத்த நாட்டுப் பள்ளியில் அதே வகுப்பில் போய் உட்கார முடிகிற மாதிரி பாடத்திட்டம் எல்லா ஊரிலும் ஒன்றாக இருக்கும். கட்டடத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. இதற்கு நான் யாரிடமும் எடுத்துச் சொல்கிற உதாரணம், சிரியாவின் டமாஸ்கஸில் மெஸ்ஸே பகுதியில் இருக்கிற சார்ல் தெ கோல் பள்ளி.

நான் வளைகுடாவில் பதினாலு வருஷமாக ஏசி டிசைன் பார்க்கிறவன். இந்தப் பள்ளியைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் உண்டு. நாங்கள் முடித்துக்கொடுத்த ஒரு பள்ளியில் செப்டம்பர் மாதம் ஒருநாள் மதியம் சில்லர், அதாவது கட்டடத்துக்கே ஏசி குளிர்ச்சி கொடுக்கிற பெரிய இயந்திரம், நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால் ஜன்னல் முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடி, வகுப்பறைக்குள் 34 டிகிரி. மழலை வகுப்புப் பிள்ளைகளை நடைபாதைத் தரையில் வரிசையாக உட்காரவைத்து, டீச்சர் நோட்டு அட்டையால் ஒவ்வொருவருக்காக விசிறிக்கொண்டே வந்தார். ஒரு பையன் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளங்காலை மார்பிள் தரையில் அழுத்தி வைத்திருந்தான். அந்த அறைகளுக்குக் குளிர்க்கணக்குப் போட்டவன் நான்தான். அன்றைக்கு இரவு தூக்கமே வரவில்லை.

சரி, டமாஸ்கஸுக்கு வருகிறேன். இவ் லியோன் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞரின் அலுவலகம் வரைந்தது, காற்று வெப்பம் சம்பந்தப்பட்ட கணக்கெல்லாம் ஜெர்மனியின் டிரான்ஸ்சோலார் நிறுவனம் பார்த்தது. 2008 செப்டம்பரில் அப்போதைய பிரெஞ்சு அதிபர் சார்க்கோசி வந்து திறந்துவைத்தார். சுமார் 900 பிள்ளைகளுக்கான பள்ளி, ஆனால் ஒரே பெரிய கட்டடமாக எழுப்பவில்லை. சின்னச் சின்னக் கட்டடங்களாகப் பிரித்து, நடுவில் குறுகலான முற்றங்களை விட்டு, அதற்கு மேலே நிழலும் கொடுத்து மரம் செடி வைத்திருக்கிறார்கள். பழைய டமாஸ்கஸ் வீடுகளில் முற்றமும் நடுவில் நீரூற்றும் இருக்குமே, அந்தப் புத்திதான் இது.

எனக்கு ரொம்பப் பிடித்தது வகுப்பறைகளுக்குப் பின்னால் நிற்கிற உயரமான காற்றுக்கூண்டுகள். அடுப்படிப் புகைக்கூண்டு எப்படி வேலை செய்கிறதோ அப்படித்தான் இவையும், அடுப்புக்குப் பதில் வெயில். கூண்டின் உள்காற்று வெயிலில் சூடாகி மேலே ஏறும், ஏறுகிற காற்று வகுப்பறைக் காற்றையும் சேர்த்து இழுக்கும், அந்த இடத்தை நிரப்ப நிழல் முற்றத்தில் இருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். வெயில் ஏற ஏற இழுப்பும் கூடும். ராத்திரியில் இதே வழியாகக் குளிர்க்காற்று போய் கனமான சுவரையும் தளத்தையும் ஆறவைத்துவிடும், அந்தக் குளிர்ச்சி மறுநாள் பள்ளி நேரத்துக்கு உதவும்.

இது எல்லா ஊருக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டமாஸ்கஸ் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 700 மீட்டர் உயரத்தில், வறண்ட பூமியில் இருக்கிறது. ஜூலையில் பகலில் 37 டிகிரி அடித்தாலும் விடியற்காலையில் 18 வரை இறங்கும். இந்த வித்தியாசம்தான் இந்த முறைக்கு மூலதனம். நான் வேலை பார்க்கிற கடலோரத்தில் ஆகஸ்ட் ராத்திரியில் கூட 30-க்குக் கீழே இறங்காது, காற்றில் ஈரம் வேறு. இங்கே கூண்டைக் கட்டி வைத்தால் வெந்நீராவியைத்தான் உள்ளே இழுக்கும். ஹாங்காங்கில் சுங் குவான் ஓ பகுதியில் 2018-இல் திறந்த பிரெஞ்சுப் பள்ளியில் அதனால்தான் வேறு வழிக்குப் போனார்கள். டென்மார்க்கின் ஹென்னிங் லார்சன் நிறுவனம் வடிவமைத்த கட்டடம் அது, கண்ணாடிக்கு வெளியே வண்ண வண்ணத் தடுப்புகள் வைத்து, வெயில் உள்ளே விழுவதையே குறைத்திருக்கிறார்கள்.

அப்புறம் டமாஸ்கஸில் நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனசு வராது. போர் வந்து 2012-இல் பிரான்ஸ் தூதரகத்தை மூடியது, பள்ளிக்கு வந்துகொண்டிருந்த பிரெஞ்சு அரசு ஆதரவும் நின்றது. பெற்றோர்களும் அங்கேயே இருந்துவிட்ட ஆசிரியர்களும் சேர்ந்து பள்ளியைத் தொடர்ந்து நடத்தினார்கள். பிள்ளைகள் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது, ஊரில் மணிக்கணக்கில் மின்வெட்டு. அந்த நாட்களில் இதே பள்ளி நாங்கள் கட்டுகிற மாதிரி அடைத்த கண்ணாடிப் பெட்டியாக இருந்திருந்தால், ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்காத ஒவ்வொரு நாளும் லீவு விட வேண்டியதுதான். இந்தக் கூண்டுகளுக்கு வெயில் மட்டும் போதும்.

அந்த மதியத்துக்குப் பிறகு பள்ளி வேலை எது வந்தாலும் முதல் மீட்டிங்கிலேயே ஒவ்வொரு வகுப்பறையிலும் குறைந்தது இரண்டு ஜன்னலாவது, எதிரெதிர்ச் சுவர்களில், கையால் திறக்கிற மாதிரி வேண்டும் என்று கேட்டுவிடுகிறேன். செலவு கூடும், தூசி வரும் என்பார்கள். போன வருஷம் ஒருவர் ஒத்துக்கொண்டார்.